புலிப்பல் பட்ட துப்பாக்கி

எங்க வீட்டு ஹால்ல தொங்குற துப்பாக்கி எங்களோடது இல்ல. ஒரு ரிட்டயர்ட் கிளார்க்கை ஏமாத்தி நான் வாங்கிட்டு வந்தது.

சொல்லிட்டேன். போதுமா?

போதாது... ஏன்னா நான் கெளப்பிட்டு வந்தது துப்பாக்கியை மட்டும் இல்ல. அதைக் கடிச்ச புலியையும், அந்தப் புலிகிட்ட மாட்டுன மனுஷனையும் சேர்த்துத்தான்! இப்ப அந்த மனுஷன் எனக்குக் கொள்ளுத்தாத்தா. செராங்கூன் ரோட்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, அடிச்சுச் சொல்வாங்க.

இதைப் படிச்சுட்டு நீங்க என் மூஞ்சியில துப்பலாம். ஆனா ஒண்ணு... நான் அந்த வேலையை எவ்வளவு நைசா பண்ணேன்னு கேட்டா, நீங்களே ஒரு செகண்ட் "பலே"ன்னுடுவீங்க. அதுதான் எனக்கும் பிரச்னை. வெக்கப்படலாம்னு உக்காந்தா பெருமைதான் முந்திக்கிட்டு வருது.

முதல்லேர்ந்து சொல்றேன்.

எங்கப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. கும்பகோணத்துக் குத்துவிளக்கு, குடம், செம்பு, மணி. கடைக்கு மேலேயே வீடு. எங்க வீட்ல இருக்குற எல்லாப் பொருளும் விக்கிறதுக்குத்தான். சும்மா சொல்லல. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் கடையில விளக்கு தீந்துபோச்சு. அப்பா என்ன பண்ணார் தெரியுமா? மாடிக்கு வந்தார், சாமி மாடத்துல எரிஞ்சுகிட்டிருந்த விளக்கை மலையேத்தினார், எண்ணெயைத் தொடச்சார், கஸ்டமர் கையில குடுத்துட்டார்! அம்மா ரெண்டு நாள் அவரோட பேசல.

இப்படிப்பட்ட வீட்ல பரம்பரைச் சொத்துன்னு என்னங்க இருக்கும்?

யுனிவர்சிட்டிக்குப் போன பிறகுதான் இது எனக்கு உறைச்சுது. என் கிளாஸ்ல லிம்னு ஒருத்தன். அவன் வீட்ல பாட்டிக்குப் பாட்டி போட்ட மணி கோர்த்த செருப்பு இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ரஹீம்னு இன்னொருத்தன். அவன் வீட்டுக் கிரிஸ் கத்திக்கு ஏழு வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை. நானும் சும்மா இல்ல. எனக்குப் பழைய துப்பாக்கின்னா உயிர். சுங்கை ரோட் பழைய சாமான் சந்தையில அலைஞ்சு அலைஞ்சு மூணு வாங்கி வச்சிருந்தேன். ஒண்ணுக்குக் குதிரை இல்ல, ஒண்ணுக்குக் கட்டை இல்ல, மூணாவது துப்பாக்கிதானான்னே சந்தேகம்.

"வாங்குனதெல்லாம் கணக்கில்ல லா, மூர்த்தி," லிம் சிரிப்பான். "நாளைக்கு நான்கூட ஒரு பீரங்கி வாங்கலாம். உடனே அது என் தாத்தாவோடது ஆயிடுமா?"

"விடு லிம், அவன் தாத்தா சண்டையில சொம்பைத் தூக்கிட்டு ஓடியிருப்பார்," இது ரஹீம்.

நானும் கூடச் சிரிப்பேன். வேற என்ன பண்றது? ஆனா உள்ள எரியும்.

அந்த வருஷம் மாணவர் யூனியன்ல ஒரு கண்காட்சி அறிவிச்சாங்க. மாணவர்களோட பரம்பரைப் பொருள்கள். மூணு தலைமுறையாவது குடும்பத்துல இருந்திருக்கணும், கூடவே மேடையேறி அதோட கதையைச் சொல்லணும். முதல் பரிசுக்குக் கோப்பை. பேப்பர்காரங்க வருவாங்க. லிம் பேர் குடுத்தான். ரஹீம் பேர் குடுத்தான். ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க.

நானும் பேர் குடுத்தேன். பொருள்ங்கிற கட்டத்துல "பிறகு தெரிவிக்கப்படும்"னு எழுதினேன். திமிரைப் பாத்தீங்களா!

அடுத்த வாரம்தான் மிஸ்டர் கதிரவேலு எங்க கடைக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரர். கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்து, கிளார்க்காவே ரிட்டயர் ஆனவர். வெள்ளை முழுக்கால்சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா. அப்பா வெளிய போயிருந்தார், நான்தான் கல்லாவுல. அவர் ஒரு காகிதத்தை விரிச்சு வச்சார். பித்தளைத் தகட்டோட படம். ஸ்கேல் வச்சு வரைஞ்சு, அங்குலம் அரை அங்குலம்னு அளவெல்லாம் குறிச்சிருந்தது.

"தம்பி, இப்பிடி ஒரு தகடு செய்விக்கலாமோ? துவக்கின்ர அடிக்கட்டைக்குப் போடுறது."

அவங்க துப்பாக்கியைத் துவக்குன்னுதான் சொல்வாங்க. எனக்கு அது தெரியும். சட்டுனு கல்லாவை விட்டு எழுந்துட்டேன்!

"பழைய துப்பாக்கியா சார்?"

"என்ர அப்பப்பாவின்ர. என்ர மகன் லண்டனில லோ படிக்கிறான், மூண்டு மாசத்தில வாறான். அவன் வரேக்குள்ள சுவரில வடிவா மாட்டி வைக்கோணும். அவனுக்குத்தானே அது."

"அளவு நேர்ல பாத்தாத்தான் சரியா வரும் சார்," நான் சொன்னேன். சுத்தப் பொய். அவர் படமே போதும்.

அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டேன். ஃபேரர் பார்க் மைதானத்துக்குப் பின்னால வரிசை வீடு. ஹால்ல அதை எடுத்து என் மடியில வச்சார்.

எப்படிச் சொல்றது... நீங்க லவ் பண்ணியிருக்கீங்களா? அப்படி வச்சுக்குங்க.

நீளமான ஒத்தைக் குழல். வாய் வழியா வெடிமருந்தும் குண்டும் போட்டு, கம்பியால இடிச்சு, சுத்தியல் கிட்ட கேப்னு ஒரு சின்னப் பொட்டு வெடி வச்சுச் சுடுற பழைய ரகம். தேக்கு மாதிரி கறுத்த கட்டை. அந்தக் கட்டையோட அடியில நாலு பள்ளம். மேல ரெண்டு, கீழ ரெண்டு. விரல் நுனி உள்ள போற அளவுக்கு ஆழம்.

"புலிப் பல்லு," அவர் சாதாரணமா சொன்னார்.

"என்னது?!"

"அப்பப்பா சேர்வே டிப்பார்ட்மென்ட்டில இருந்தவர். பொங்கோல் பக்கம் அப்ப முழுக்கக் காடு. நிலம் அளக்கப் போன இடத்தில புலி பாஞ்சிட்டுது. இவர் சுட்டார். வெடிக்கேல்லை! மழையில மருந்து நனைஞ்சு போச்சு. பிறகு என்ன செய்யிறது? துவக்கைத் திருப்பிப் பிடிச்சு, அடிக்கட்டையை அதின்ர வாய்க்குள்ள குடுத்திட்டார்."

"புலி செத்துச்சா சார்?"

"சாகேல்லைத் தம்பி. கடிச்சுப் பாத்துது. உருசி பிடிக்கேல்லைப் போல, போயிட்டுது."

உள்ளேர்ந்து அவர் மனைவி குரல் குடுத்தாங்க. "அவர் பயத்தில ஓட ஏலாமல் நிண்டவர். அதையும் சொல்லுங்கோவன்!"

"ஓம், அதுவும் சரிதான்," அவர் சிரிச்சார்.

அதுக்கப்புறம் அவர் இன்னும் என்னென்னமோ சொன்னார். குழாய், மருந்து, அடைக்கிறதுன்னு... எனக்குப் பாதி காதுல விழல. என் விரல் அந்த நாலு பள்ளத்துலேயே இருந்துச்சு. என்ன மனுஷங்கய்யா இவங்க! இப்படி ஒரு பொருளை வச்சுக்கிட்டு, சுடலன்னு சொல்றாங்க, சாகலன்னு சொல்றாங்க, பயந்து நின்னார்னு சொல்றாங்க! கதை சொல்லத் தெரியாதவங்க கையில எதுக்கு இது?

இதுதான் என் மனசுல ஓடுன நெனப்பு. மறைக்கல.

"சார், இதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

நான் பிளான் பண்ணிட்டுப் போகல. சத்தியமா! வாய் தானா கேட்டுச்சு. கேட்டதும் அவர் முகத்தைப் பாத்தேன்... அவ்வளவுதான், வழி தெரிஞ்சு போச்சு.

"லைசென்சோ? இது சும்மா சுவரில கிடந்த சாமான்..."

"புது ரூல் சார். பழசு புதுசுன்னெல்லாம் பாக்குறதில்ல."

காட்டுல கம்யூனிஸ்ட்காரங்களைத் தேடுன அந்த எமர்ஜென்சி முடிஞ்சு ரெண்டு வருஷம்தான் ஆயிருந்துச்சு. வீட்ல துப்பாக்கி, தோட்டான்னு பேச்செடுத்தாலே ஜன்னலைச் சாத்துன காலம் யாருக்கும் மறக்கல. நான் அதுல நெய் ஊத்தினேன். பென்ஷன் நிக்கும்னேன். "உங்க மகன் வக்கீலா கோர்ட்ல ஏறுற நேரத்துல, அப்பா மேல ஆயுதக் கேஸ்னா எப்படி இருக்கும் சார்?"ன்னேன்.

பென்ஷனுக்கு அவர் அசையல. மகன்னதும் அசைஞ்சுட்டார்.

"நாளைக்கே ஸ்டேஷனில கொண்டுபோய்க் குடுக்கிறன்," எழுந்துட்டார்.

அய்யோ! காரியம் கெட்டுச்சேன்னு ஆயிடுச்சு எனக்கு.

"குடுக்கலாம் சார். ஆனா இத்தனை வருஷம் எங்க வச்சிருந்தீங்கன்னு கேப்பாங்க. பேரை எழுதிக்குவாங்க. எனக்கு அங்க ஒரு ஆளைத் தெரியும். பேர் வராம குடுத்துட்டு, ரசீது வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் மனைவி தேத்தண்ணியோட வாசல்ல நின்னாங்க. "குடுக்கப் போறியளே? பாலன் வந்து கேட்டா என்ன சொல்லுறது?"

"அவனுக்காகத்தான் குடுக்கிறன்," அவர் சொன்னார். அப்புறம் என்கிட்ட திரும்பி, "தம்பி, ரசீது ரெண்டு கொப்பி வேணும்."

சிரிக்காதீங்க. நானும் அப்ப சிரிக்கல, பஸ்ல ஏறினப்புறம்தான் சிரிச்சேன். போர்வையில சுத்துன துப்பாக்கி ரெண்டு காலுக்கு நடுவுல, முன் சீட்டு ஆள் என்ன லா அதுன்னு கேக்குறான், நான் கர்ட்டன் கம்பிங்கிறேன்!

ரசீதை யூனியன் ஆபீஸ் டைப்ரைட்டர்ல நானே தட்டினேன். "பழைய துப்பாக்கி ஒன்று, பெற்றுக்கொள்ளப்பட்டது. ஒப்படைத்தவர்: பெயர் தெரிவிக்க விரும்பவில்லை." எல்லாம் ஆபீஸ் இங்கிலீஷ்ல. முத்திரைக்கு? தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்து ரப்பர் ஸ்டாம்ப்! எழுத்து தெரியாதபடி கொஞ்சம் சாய்ச்சு அழுத்தினேன்.

அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கிட்டு வரி வரியா படிச்சார். ஒரு வார்த்தையில ஸ்பெல்லிங் தப்பா தட்டியிருந்தேன். கண்டுபிடிச்சுட்டார்! பேனாவை எடுத்து... அதைத் திருத்தி, ஓரத்துல தன் இனிஷியலைப் போட்டார். அப்புறம் ரெண்டு ஓட்டை குத்தி, இன்ஷூரன்ஸுக்கும் பென்ஷனுக்கும் நடுவுல ஃபைல்ல கோர்த்தார்.

"தாங்ஸ் தம்பி," அப்படின்னார். "பெரிய உதவி."

வாழ்நாள் பூரா காகிதத்தை நம்புன மனுஷன். காகிதம் சரியா இருந்தா உலகம் சரியா இருக்குன்னு நெனைக்கிறவர். எனக்கு அது தெரிஞ்சுதான் காகிதம் குடுத்தேன்.

அப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? நிஜமாவே ஸ்டேஷனுக்குப் போனேன்! எங்க கொள்ளுத்தாத்தாவோடதுன்னு சொன்னேன். கேப் வைக்கிற குமிழைக் கழட்டிட்டா இது சுடாது, அலங்காரப் பொருள்தான்னு எடுத்துக் காட்டினேன். எழுதிக் குடுத்துட்டாங்க. அரை மணி நேரம்கூட ஆகல. மிஸ்டர் கதிரவேலுவே போயிருந்தா அவருக்கும் அதே அரை மணி நேரம்தான்... அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வெளிய வந்தப்ப இது எனக்குத் தோணுச்சு. தோணுச்சு, அவ்வளவுதான்.

கண்காட்சி நாள்!

அப்பா கோட் போட்டுக்கிட்டு வந்திருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த கோட், பட்டன் சேரல. அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. "ஒரு துப்பாக்கி காட்டப் போறேன், வாங்க"ன்னு மட்டும் சொல்லியிருந்தேன். லிம் செருப்பைப் பத்திப் பேசினான், மெல்லிசா கை தட்டினாங்க. ரஹீம் கிரிஸ்ஸை உருவுனான், பலமா தட்டினாங்க. அடுத்தது நான்.

நான் புலியைக் கொன்னேன் சார்! மேடையில, எல்லார் முன்னாலயும்! மழை இல்ல, நனைஞ்ச மருந்து இல்ல. பாஞ்ச புலி துப்பாக்கிக் கட்டையைக் கவ்வுது, கொள்ளுத்தாத்தா உதறித் திருப்புறார், குழலை அது வாய்க்குள்ளேயே வச்சு... டமார்! முன் வரிசையில ஒரு பொண்ணு காதைப் பொத்திக்கிச்சு. ஆட்கள் எழுந்து வந்து வரிசையா நின்னு அந்த நாலு பள்ளத்துல விரலை விட்டுப் பாத்தாங்க. லிம் விட்டான். ரஹீம் விட்டான். "ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"ன்னான்.

"நீ எங்கடா கேட்ட?"ன்னேன். எப்படி!

அப்பா வாய் பொளந்து உக்காந்திருந்தார். ஏன்னா எங்க கொள்ளுத்தாத்தா கப்பலே ஏறுனதில்ல. எங்க குடும்பத்துல முதல்ல கடல் தாண்டுனதே அப்பாதான்.

அப்பதான் நடுவர் வந்தார். மிஸ்டர் டிசூசான்னு ஒரு யுரேஷியன், பட்டாளத்து ஆயுதக் கிடங்குல சார்ஜெண்டா இருந்தவர். துப்பாக்கியைக் கையில வாங்கினவர் பள்ளத்தைப் பாக்கவே இல்ல. ஒரு மெல்லிசுக் குச்சியைக் கேட்டு வாங்கி, குழலுக்குள்ள விட்டார். அது போய் முட்டுன இடத்துல, குழல் வாயில கட்டை விரலால அடையாளம் பிடிச்சார். வெளிய எடுத்து குழல் மேலேயே வச்சு அளந்தார். குச்சி அடி வரைக்கும் போகல. நாலு விரற்கடை குறைஞ்சுது.

பழைய துப்பாக்கி கையில வந்தா முதல்ல செய்ய வேண்டிய வேலை அது. உள்ள எதுவும் அடைச்சிருக்கான்னு பாக்குறது. சேகரிக்கிறவன்னு மார் தட்டுற நான் அதைச் செய்யல. பல் அடையாளத்துல மயங்கிட்டேன்.

"பையா," மிஸ்டர் டிசூசா இங்கிலீஷ்ல சொன்னார், "இது உள்ள மருந்தும் குண்டும் அப்படியே இருக்கு. இந்தத் துப்பாக்கி சுடல."

லிம்மோட புருவம் மேல ஏறுது... நான் பாக்குறேன். மிஸ்டர் கதிரவேலு சொன்ன கதைதான் நிஜம்னு அந்தக் குழலே எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லுது. வெடிக்கல. சுடல.

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு இழுத்தேன்.

"ஆமா சார்," நான் சொன்னேன். "அது ரெண்டாவது குண்டு. ஆண் புலி செத்ததும், பொண் புலி வரும்னு திரும்ப அடைச்சு வச்சார். விடிய விடிய உக்காந்திருந்தார். அது வரவே இல்ல. வந்தா இருக்கட்டும்னு கடைசி வரைக்கும் அவர் அதை எடுக்க விடல."

அய்யோ, அந்தக் கைத்தட்டல்! அதை நீங்க கேட்டிருக்கணும்! மிஸ்டர் டிசூசாவே தலையை ஆட்டினார். கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி... என் வாழ்க்கையில அப்படி ஒரு நிமிஷம் இதுக்கு முன்னால வந்ததில்ல. இப்ப இதை எழுதும்போதுகூட ரோமம் நிக்குது. பொய்தான். இருந்தாலும் நிக்குது.

கோப்பை எனக்கு. பேப்பர்காரர் அப்பாகிட்ட போயிட்டார். "உங்க தாத்தாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா."

அப்பா என்னைப் பாத்தார். கோட் பட்டனைப் பிடிச்சார். விட்டார்.

"அவர்... நல்ல உயரம்," அப்படின்னார்.

பஸ்ல திரும்பும்போது, "எங்கடா வாங்குன?"ன்னு கேட்டார். "சுங்கை ரோட்ல"ன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். இறங்குற இடம் வந்தப்ப, "நல்லா இருக்குடா"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் கேக்கவே இல்ல. கேக்காதது மட்டுமா? மூணே நாள்ல அவரே பொண் புலிக்கு ஒரு குட்டியைச் சேர்த்துட்டார்! கோயில் கமிட்டியில பின் வரிசையில நின்னுகிட்டிருந்த பாத்திரக் கடைக்காரர், இப்ப முன் வரிசை. "புலிக்காரர் வீடு"ன்னு எங்களுக்குப் பேர். அவர் நடையே மாறிப்போச்சுங்க.

கண்காட்சி முடிஞ்ச சாயங்காலம் இன்னொண்ணும் நடந்துச்சு. மிஸ்டர் டிசூசா குழலுக்குள்ள தண்ணி ஊத்தி, திருகு முனை வச்ச கம்பியை விட்டு, உள்ள இருந்ததை வெளிய எடுத்தார். ஈயக் குண்டு. அடை மாதிரி கெட்டியான மருந்து. ரெண்டுக்கும் நடுவுல அடைச்ச காகிதம், கசக்கி உருட்டுனது.

"உன் கொள்ளுத்தாத்தா கை பட்ட காகிதம், வச்சுக்க,"ன்னு குடுத்தார்.

டாய்லெட்ல கதவைச் சாத்திட்டுப் பிரிச்சேன். பாதி கரிஞ்ச நிறம், ஆனா பென்சில் எழுத்து தெரிஞ்சுது. நிலம் அளக்குற சங்கிலிக் கணக்கு, வரிசை வரிசையா. கடைசியில தமிழ்ல ஒரு வரி. "மழை. சங்கிலி பிடிக்க முடியவில்லை." கீழ கையெழுத்து. வைத்திலிங்கம்.

அந்தப் பேரை அதுவரைக்கும் நான் கேக்கவே இல்லன்னு அப்பதான் தோணுச்சு. புலியோட கதையைத் தூக்கிட்டு வந்தவன், அந்த ஆளோட பேரைக் கேக்கல.

காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம். முடியல. சேகரிக்கிறவன் புத்தி! மடிச்சு பர்ஸ்ல வச்சேன்.

நாலு நாள் கழிச்சு மிஸ்டர் கதிரவேலு கடைக்கு வந்தார். ஒரு கையில தமிழ்ப் பேப்பர், என் போட்டோ. இன்னொரு கையில ஃபைல். அப்பா கல்லாவுல, நான் பக்கத்துல. ஓடலாமான்னு பாத்தேன்... ரெண்டு பக்கமும் குடம் அடுக்கியிருந்துச்சு.

"வாங்க சார், வாங்க!" அப்பா எழுந்தார். "பேப்பர் பாத்தீங்களா? எங்க தாத்தாவோடது!"

"அதுதான் பாத்தனான்," அவர் சொன்னார். "எங்கட துவக்கு மாதிரியே கிடக்கு. பல்லு அடையாளமும் அதே மாதிரி. ஆனா எங்கடதுக்குப் பொலிஸ் ரசீது இருக்குது..." ஃபைலைத் திறந்தார். நான் தட்டுன ரசீது. அவரோட இனிஷியல். "அப்ப ரெண்டு துவக்கு இருக்கோணும். இல்லையெண்டால்..."

இல்லையெண்டாலுக்கு அப்புறம் அவரால சொல்ல முடியல. அப்படி ஒருத்தரைச் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்ல.

அப்பா சிரிப்பு நின்னு போச்சு. என்னைப் பாக்குறார்.

"தம்பி, ஒண்டே ஒண்டு கேக்கிறன்," என் பக்கம் திரும்பினார். "பேப்பரில போட்டிருக்கு, உள்ள இருந்ததை எடுத்தவையாம். அடைச்சுக் கிடந்தது என்ன? என்ர அப்பப்பா தன்ர நோட்டுப் புத்தகத்துக் கடதாசியைத்தான் கிழிச்சு அடைச்சவர். அப்பா எப்பவும் சொல்லுவார். கடதாசி இருந்ததோ?"

காகிதம் என் பின் பாக்கெட்ல இருந்துச்சு. இடுப்புக்குக் கீழ ஒரு கை அளவு தூரத்துல.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைச்சிருக்காது. அவர் கோபப்படக்கூட மாட்டார். அழுதிருப்பார், துவக்கை வாங்கிட்டுப் போயிருப்பார். ஆனா அப்பா? கோட்டு, கமிட்டி, முன் வரிசை, புலிக்குட்டி... இல்ல. அப்பா மேல பழியைப் போடாதேடா மூர்த்தி. எனக்குத் தோக்கப் பிடிக்கல. அதுதான்.

"இல்ல சார்," நான் சொன்னேன். "வெறும் தேங்கா நார்."

அப்புறம் அவர் தோள் கீழ இறங்கிச்சு... ஏமாத்தத்துல இல்லீங்க. நிம்மதியில! என்னைச் சந்தேகப்பட வேண்டியதில்லன்னு நிம்மதி!

"அப்ப எங்கடது இல்லை," ஃபைலை மூடினார். அப்பாகிட்ட திரும்பி, "ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகன் எனக்கு உதவி செய்த பிள்ளை. நான் பிழையா யோசிச்சுப் போட்டன்,"ன்னு ரெண்டு கையும் கூப்பினார்.

எங்கப்பா அவருக்கு லெமனேட் வாங்கிக் குடுத்தார். நான் ஜெயிச்சுட்டேன்.

அங்கேயே முடிஞ்சிருந்தா இதை உங்ககிட்ட சொல்லியே இருக்க மாட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மிஸ்டர் கதிரவேலு மகனோட வீட்டுக்கு வந்தார். பாலன். லண்டன்லேர்ந்து வந்து ஒரு வாரம். "உங்கட துவக்கை இவனுக்கு ஒருக்காக் காட்டுங்கோ தம்பி. எங்கடது எப்பிடி இருந்தது எண்டு இவனுக்கு மறந்திருக்கும். ஏழு வருசம் ஆச்சுது."

முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அதுவும் அப்பா முன்னால? சுவத்துலேர்ந்து இறக்கி, பாலன் கையில குடுத்தேன்.

அவர் அதைப் பாக்கல. என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தார். கை மட்டும் கட்டையோட அடிக்குப் போச்சு. கண்ணால தேடாம, நாலு விரலும் நாலு பள்ளத்துக்குள்ள போய் உக்காந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து போய்ப் பழகுன விரல். கட்டை விரல் அப்படியே நழுவி, அடியில தகடு இல்லாத வெறும் இடத்தைத் தடவுச்சு.

அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. அவருக்குத் தெரிஞ்சுதுன்னு எனக்கும் தெரிஞ்சுடுச்சு.

"என்னடா, எங்கடது மாதிரித்தானே?" அவர் அப்பா ஆசையா கேட்டார்.

பாலன் அவங்கப்பாவைப் பாத்தார். அந்த முகத்துல எத்தனை சந்தோஷம் தெரியுமா! மகனுக்கு ஒரு நல்ல பொருளைக் காட்டுற சந்தோஷம். தன்னோடது போனாலும், தன் மகன் மேல கறை இல்லாம போச்சேங்கிற சந்தோஷம்.

"இல்லையப்பா," பாலன் சொன்னார். "எங்கடது நீளம் கொஞ்சம் குறைவு. இது வேற துவக்கு."

துப்பாக்கியை ரெண்டு கையாலயும் ஏந்தி என்கிட்ட நீட்டினார். நீட்டிக்கிட்டே நின்னார். உடனே விடல. நான் என்ன செய்யப் போறேன்னு பாத்தார்னு நெனைக்கிறேன். ஒரு வாய்ப்புங்க அது. ஒரு வார்த்தை போதும், அவர் கையில அப்படியே விட்டிருக்கலாம்.

நான் வாங்கிக்கிட்டேன்.

வாங்கி, அப்பா கேக்குறார்னு, புலி பாஞ்ச கதையை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொன்னேன். டமாரையும் விடல. மிஸ்டர் கதிரவேலு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். பாலன் காபியைக் குடிச்சு முடிச்சுட்டு, கப்பைத் தட்டுல திருப்பி வச்சுட்டு, "நல்லாச் சொல்லுறியள்,"ன்னார்.

அவ்வளவுதான். கேஸ் போடல, திட்டல, தனியா கூப்பிட்டுக்கூடப் பேசல. ஹைஸ்ட்ரீட் பக்கம் பஸ் ஸ்டாப்ல அப்பப்ப பாக்குறேன். வணக்கம் சொல்றார். நானும் சொல்றேன். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனைக்கிறேன், அவர் பஸ் வந்துடுது.

திருப்பிக் குடுத்துடுன்னு நீங்க சொல்றீங்க. சொல்வீங்க, தெரியும். யார்கிட்ட குடுக்குறது? குடுத்தா மிஸ்டர் கதிரவேலுவுக்குத் தன்னை ஏமாத்தினது யாருன்னு தெரியும், தன் மகன் பொய் சொன்னான்னும் தெரியும். பாலன் அதை எனக்காகச் செய்யல, ஆனா அந்தப் பொய்க்குள்ள என்னையும் வச்சுத்தான் பூட்டிட்டுப் போயிருக்கார். வெளிய வர வழி இல்லன்னு சொல்லிக்கலாம்... இருக்கு. எனக்குத் தெரியும், இருக்கு. நான்தான் போகல.

நேத்துகூட வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க. அப்பா கூப்பிட்டார், "டேய் மூர்த்தி, நம்ம புலிக் கதையைச் சொல்லு!"

எழுந்தேன், தொண்டையைச் செருமினேன். சொன்னேன்... முன்னெல்லாம் விட நல்லா சொன்னேன்!